அவன் சேர்க்காமல் விட்ட சொல்

போன வருடம் ஒக்டோபர் பதினெட்டாம் திகதி, சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணி பத்து நிமிடம். மூன்றரைக்குத் தொடங்கிய மழை நாலு மணிக்கு விட்டிருந்தது. ஆனால் கடற்பக்கத்து வானம் கறுத்தே இருந்ததால் இன்னொரு மழை மிச்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தேன். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிற மண்டபம். நான் குடியிருக்கும் மாடியிலிருந்து அறுநூற்று இருபது காலடி. நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேடைக்கே கொண்டுபோய் என் நாற்காலிக்குக் கீழே வைத்தேன். முன்வரிசைக்கு அது சொட்டுவது தெரியுமோ என்பதுதான் அப்போது என் ஒரே கவலை.

இருநூற்று நாற்பது நாற்காலிகள். இருநூற்றுப் பதின்மூன்று பேர். மூன்று கமராக்கள். அரச அலுவலகமொன்றின் கணக்காய்வுப் பகுதியில் முப்பத்தாறு வருடம் இருந்தவன் நான். ஓய்வு பெற்று இத்தனை காலமாகியும் கண் தானாக எண்ணிக்கொண்டே போகும். நல்ல பழக்கமா கெட்ட பழக்கமா என்று முன்பு யோசித்ததில்லை.

விழா என் நண்பனுக்கு. அவன் பத்திரிகை அச்சகமொன்றில் மெய்ப்புப் பார்ப்பவனாக இருந்தவன். மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளரின் வரிசைவீடான லயத்தில் பிறந்து, படித்து, கொழும்புக்கு வந்தவன். லீவு கிடைத்தபோதெல்லாம் தோட்டத்துக்குப் போய், அங்கே மட்டும் புழங்கும் தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகச் சீட்டில் எழுதிக்கொண்டு வருவான். பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம், காம்பரா என்றால் லயத்து அறை என்று, சொல்லும் பொருளும் சொன்னவர் பேருமாகச் சீட்டின் பின்பக்கம் வரை நிரம்பியிருக்கும். இருபத்தாறு வருடம். முப்பத்தேழு பேர் அவனுக்குச் சொல் கொடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டுகளெல்லாம் பிஸ்கட் டின்களில் கொட்டாஞ்சேனையில் அவனுடைய வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடந்தன. கடைசியில் ஒரு சங்கத்தார் முன்வந்து அகராதியாக அச்சிட்டார்கள். வெளியீட்டு விழாவையும் அவர்களே காசு கட்டித் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பச் செய்தார்கள். அவனுக்கு எழுபத்தைந்து வயதில் கிடைத்த முதல் மாலை அது.

சொற்களை எண்ணியவன் நான். பதினொரு மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில், இரண்டு முறை எண்ணினேன். அவன் கணக்கில் நாலாயிரத்து முந்நூற்று ஒன்பது. என் கணக்கில் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. மூன்று சொற்களுக்காக ஒரு பகல் முழுக்கச் சண்டை பிடித்தோம். என் கணக்குத்தான் சரி. முன்னுரையிலும் அதைத்தான் போட்டார்கள்.

அன்று மேடையில் ஐந்து பேச்சாளர்கள். நான் நாலாவது. ஆளுக்கு ஏழு நிமிடம் என்று சொல்லியிருந்தார்கள், எனக்கு முன் பேசியவர் பதினான்கு நிமிடம் எடுத்தார். ஆட்கள் கொட்டாவி விடத் தொடங்கியிருந்தார்கள். நான் நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். மூன்று பக்கம் வாசித்தபோது சபை என்னிடம் இல்லை என்று தெரிந்தது. கடதாசியை மடித்துவிட்டு, வீட்டில் கதைக்கிற மாதிரிக் கதைத்தேன்.

"நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு சொல்லைத் தேடிப் பிடிச்சவர் ஒரு சொல்லை மட்டும் விட்டிட்டார். நான் ரெண்டு தரம் எண்ணினனான், இல்லை. ஏனெண்டால் அது அவரின்ர சொந்தப் பேர். தோட்டக்காட்டான்."

இந்தச் சொல்லை அறியாதவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துக்காரர் மலைநாட்டுத் தோட்டத்து மக்களை இளக்காரமாகக் குறிப்பது. வேலைக்காரரைக் கூப்பிடவும், சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லவும், பஸ்ஸில் இடம் கொடுக்காமல் இருக்கவும் பயன்பட்டது. எங்கள் இருவருக்குள் மட்டும் அது வேறு சொல்லாக இருந்தது என்று நான் நம்பியிருந்தேன். நாற்பத்தெட்டு வருடங்களுக்கு முன் வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்னறையை இருவரும் பகிர்ந்துகொண்டோம். அவன் பெட்டியோடு வந்து நின்ற முதல் நாளே, எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, "அப்ப தோட்டக்காட்டானோ" என்றேன். அவன் சிரித்தான். பிறகு அவனும் என்னைப் பனங்கொட்டை என்று சொல்லத் தொடங்கினான். அது மற்றவர்கள் யாழ்ப்பாணத்தாரைச் சீண்டும் சொல். ஆளுக்கொரு சொல், கணக்குச் சரி என்று இருந்துவிட்டேன்.

சபையின் பின்பாதி சிரித்தது. யாரோ ஒருவர் தனியாகக் கை தட்டினார். நான் திரும்பிப் பார்த்தபோது நண்பனும் சிரித்தான், கழுத்து மாலை குலுங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தொலைக்காட்சி விழாக்களில் இந்தக் காலத்தில் கூட்டாளிகள் ஒருவரையொருவர் இப்படித்தான் வாரிக்கொள்கிறார்கள். அவ்வளவு நெருக்கம் என்று பார்க்கிறவர்களும் எடுத்துக்கொள்கிறார்கள். எழுபத்தாறு வயதில் எனக்கும் அது கைவந்துவிட்டது என்று நினைத்தேன்.

விழா முடிந்து தேநீர் கொடுத்தபோது நண்பனின் மனைவியைக் காணவில்லை. முன்வரிசையில் மூன்றாவது நாற்காலியில் இருந்தவர். நண்பன் என் கையைப் பிடித்து, "மழ வரப்போகுது, பாத்துப் போ" என்றான். அவ்வளவுதான். மழை வரவில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் கொட்டாஞ்சேனைக்குப் போகிற நாள். காலையில் அவன் தொலைபேசி எடுத்து, மனைவிக்குச் சுகமில்லை, வரவேண்டாம் என்றான். பின்னேரம் எங்கள் மாடி லிப்டில் மேல்வீட்டுக்காரர் என்னைக் கண்டு, தொலைக்காட்சியில் என் பகிடியைப் பார்த்ததாகச் சொன்னார். நல்லது என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. மூன்றாம் மாடி வருவதற்குள் நாலு தடவை தொண்டையைச் செருமினார். அன்றிரவு பிரஷர் மாத்திரையைப் போட்டேனா இல்லையா என்று நினைவில்லாமல், மிச்சத்தை எண்ணிப் பார்த்துப் போட்டேன்.

திங்கட்கிழமை நண்பனின் மனைவியே அழைத்தார். "அண்ணே, நாளைக்கு வர முடியுமா" என்றார். நாற்பத்தொரு வருடமாக என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறவர். அந்த ஒரு சொல் மாறாமல் இருந்ததில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

செவ்வாய்க்கிழமை விடாத மழை. ஆட்டோவில் போனேன். அவர்கள் வீடு ஒரு கடைக்கு மேலே. பதினேழு படி. நண்பன் ஜன்னலருகே இருந்தான். மேசையில் அகராதிப் பிரதிகள் கட்டுப் பிரிக்காமல் இருந்தன. அவன் மனைவி எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடிக்கத் தொடங்கினார். மடித்துக்கொண்டே கதைத்தார். ஒரு தடவையும் குரலை உயர்த்தவில்லை.

அவரைப் பதினொரு வயதில் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் வேலைக்கு விட்டிருக்கிறார்கள். ஒன்பது வருடம் அங்கே. அந்த வீடு விழா நடந்த மண்டபத்துக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. வெள்ளவத்தையில் இருந்தவர் என்பது எனக்குத் தெரியும். என்னவாக இருந்தார் என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை.

"அந்த வீட்டுல எனக்குப் பேர் இல்லண்ணே. அந்தச் சொல்தான் பேரு. அத வச்சுத்தான் கூப்புடுவாங்க. நானும் வந்து நிப்பேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கை காட்டி நிறுத்தினார்.

"ஒங்க மேல கோவம் இல்ல. அதச் சொல்லக் கூப்புடல. வெள்ளிக்கிழம அந்த வீடியோவ யூடியூப்ல போடப் போறாங்களாம். விழா அன்னைக்குத் தோட்டத்துல மழ, கரண்ட் இல்ல, ஒருத்தரும் பாக்கல. இவருக்குச் சொல் குடுத்தவங்கள்ல இருபத்தெட்டுப் பேர் உசுரோட இருக்காங்க. எப்பப் போடுவீங்க எப்பப் போடுவீங்கன்னு ஒரே போன். அந்தச் சொல்லோட எப்படிண்ணே நான் அவங்களுக்குக் காட்டுவேன்?"

இருபத்தாறு வருடம் அவன் அலைந்ததற்கு அந்த ஒரு பின்னேரம்தான் சாட்சி. அதைப் பார்க்க வேண்டியவர்கள் அந்த இருபத்தெட்டுப் பேர். அவர்களுக்கு முன்னால் நான் போய்க் குறுக்கே நின்றிருந்தேன். வெட்டுவித்துத் தருகிறேன் என்றேன். வெள்ளிக்கிழமைக்கு முன் வெட்டுவித்துத் தருகிறேன் என்று மூன்று தடவை சொன்னேன்.

அவர் துணிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நண்பனிடம், "மச்சான், நான் பகிடிக்குத்தானே சொன்னனான்" என்றேன்.

"தெரியும்" என்றான்.

அதோடு நான் எழும்பியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு முறை எண்ணியும் அந்தச் சொல் அகராதியில் இல்லையே, சீட்டு எங்காவது தவறிவிட்டதா என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது. இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அவன் ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினான். "தவறல. விட்டுட்டேன். அது எங்க சொல் இல்லடா. நீங்க எங்களுக்கு வச்சது. எங்க ஆளுங்க ஒருத்தர் வாயில இருந்தும் அது வரல. வராதத நான் எப்படி எழுதுறது?"

அந்த 'நீங்க' என்னை மட்டுமா, எங்கள் எல்லாரையுமா என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் எப்போதும் 'நீ'தான்.

"முதல் நாள் சிரிச்சனியே" என்றேன்.

"ரூமுக்கு ரெண்டு மாச அட்வான்ஸ் குடுத்திருந்தேன்" என்றான்.

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நல்ல பகிடிதான். வேறு நாளென்றால் நானும் சிரித்திருப்பேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவுக்குள் கணக்குப் போட்டேன். வேறு எதுவும் செய்யத் தெரியாது. அவனுக்குக் கலியாணமாகி நாற்பத்தொரு வருடம். ஆண்டுக்கு நாற்பது ஞாயிறு என்று குறைத்தே எடுத்தாலும், அந்த வீட்டில் நான் சாப்பிட்டது ஆயிரத்து அறுநூற்று நாற்பது தடவை. ஒவ்வொரு தடவையும் படியேறி வாசலில் நின்று அந்தச் சொல்லால் அவனைக் கூப்பிட்டிருக்கிறேன். குசினியில் அவர் இருந்திருக்கிறார். கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறார். பிறகு, அவன் என்னைப் பனங்கொட்டை என்று சொன்ன தடவைகளை எண்ணப் பார்த்தேன். இடமும் காலமும் சொல்லக்கூடியதாக மூன்றுதான் வந்தது. ஒன்று அந்தப் பின்னறையில். ஒன்று இரவு ரயிலில். ஒன்று கடற்கரைக் கல்லில். மூன்றிலும் நாங்கள் இருவரும் தனியாக இருந்தோம். என் மனைவி உயிரோடு இருந்த காலத்தில் அவர் முன்னாலோ, என் அலுவலகத்தார் முன்னாலோ, வேறு எவர் முன்னாலுமோ அவன் அதைச் சொன்னதாக ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கணக்குச் சரி என்று நாற்பத்தெட்டு வருடம் இருந்திருக்கிறேன். கணக்காய்வுக்காரன்.

புதன்கிழமை கொள்ளுப்பிட்டியில் இருக்கிற அந்தத் தொலைக்காட்சி அலுவலகத்துக்குப் போனேன். ஒன்றரை மணித்தியாலம் இருத்தி வைத்துவிட்டு, படத்தொகுப்புச் செய்பவர் நாளைக்குத்தான் வருவார் என்றார்கள். வியாழக்கிழமை மறுபடி போனேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு நான் சொன்னதை முழுதும் கேட்டார். ஏன் என்று கேட்கவில்லை. விழாவை ஓட்டி என் பேச்சில் கொண்டுவந்து நிறுத்தினார்.

என்னை நான் அப்படிப் பார்த்ததில்லை. சட்டைப் பொத்தான் ஒன்று பூட்டாமல் இருந்தது. அந்த வசனத்தைச் சொல்வதற்கு முன் நான் சபையைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்திருக்கிறேன், இப்ப பாருங்கோ என்கிற மாதிரி. சொல் வந்தது. உடனே படம் நண்பனின் முகத்துக்கு மாறியது. மேடையில் நின்றபோது நான் சபையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவனை அல்ல. இப்போதுதான் பார்த்தேன்.

அவன் உடனே சிரிக்கவில்லை.

மெதுவாக ஓட்டச் சொன்னேன். ஒரு விநாடிக்கு இருபத்தைந்து படம் என்று அவர் சொன்னார். ஒவ்வொன்றாகத் தள்ளினார், நான் எண்ணினேன். முகம் அப்படியே நிற்கிறது. பிறகு கண் மட்டும் முன்வரிசைக்குப் போகிறது, மூன்றாவது நாற்காலிப் பக்கம். அங்கிருந்து திரும்பி வந்து என் முதுகைப் பார்க்கிறது. பிறகுதான் வாய் சிரிக்கிறது. சிரிப்பதற்கு முன் அறுபத்தொரு படம். இரண்டரை விநாடி கூட இல்லை. அந்தப் பின்னறையில் முதல் நாளும் இப்படித்தான் ஓர் இடைவெளி இருந்திருக்குமோ, நான் கவனிக்காமல் விட்டேனோ என்று கேட்டுக்கொண்டேன். அதை ஓட்டிப் பார்க்க வழியில்லை.

"ஐயா, அந்தச் சொல்லை மட்டும் எடுக்கலாம்" என்றார் அவர். "ஆனா எடுத்த இடம் தெரியும். ஆக்கள் சிரிக்கிற சத்தம் வரும், எதுக்குச் சிரிக்கினம் எண்டு வராது. பாக்கிறவை என்ன வெட்டினவங்கள் எண்டு தேடத் தொடங்குவினம். நேரடியாப் போனதாலை சொல்லிக் குடுக்கவும் ஆள் இருக்கும்."

அப்ப என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

"உங்கட பேச்சை முழுசா எடுத்தால் தெரியாது. மூண்டாவது ஆள் முடிஞ்சு கை தட்டினம். அதிலை இருந்து நேரா அஞ்சாவது ஆளுக்குப் போகலாம்."

என் பேச்சு ஆறு நிமிடமும் இருபது விநாடியும். அதில் அந்தச் சொல்லுக்கு முன்னால், மூன்று பக்கத்தில், நாற்பத்தெட்டு வருடத்தையும் எழுதியிருந்தேன். அவன் முதல் சம்பளத்தில் எனக்கு வாங்கித் தந்த செருப்பு, என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த பத்தொன்பது நாளும் அவன் வேலை முடிந்து நேரே அங்கே வந்து இருந்தது, சீட்டுகளைத் தரையில் பரப்பிவிட்டுப் பூனை வராமல் கதவைச் சாத்தியது. அவனைப் பற்றி மற்ற நாலு பேரும் சொல்லாதவை. அவையும் போகும். அந்தப் பெண்மணி அவசரப்படுத்தவில்லை, பேனையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

முழுதாக எடுங்கள் என்றேன்.

நண்பர்களுக்குள் சொல்லிக்கொள்வதை மேடையில், அதுவும் ஊர் பார்க்கும் கமராவுக்கு முன்னால் சொல்லலாமா என்று அந்தக் கிழமை முழுக்க யோசித்தேன். அறைக்குள் அந்தச் சொல்லைக் கேட்க ஒருவன் இருந்தான், அவன் பொறுத்துக்கொண்டான். மேடையில் சொன்னபோது எத்தனை பேர் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியாது. மண்டபத்தில் இருநூற்றுப் பதின்மூன்று, சரி. வீடுகளில்? பிறர் வீட்டுக் குசினி வாசலில் நின்று தொலைக்காட்சியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த யாராவது ஒரு பெண்? அதனால் மேடையில் கூடாது என்பதில் எனக்கு இப்போது சந்தேகமில்லை. அறைக்குள்ளும் கூடாதுதானோ என்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. கமரா இல்லாதிருந்தால் நான் அந்த முகத்தைச் சாகும்வரை பார்த்திருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்கு வீடியோ வந்தது. ஒரு மணித்தியாலமும் நாற்பத்திரண்டு நிமிடமுமாக இருந்த விழா, ஒரு மணித்தியாலம் முப்பத்தைந்து நிமிடம் நாற்பது விநாடியாக இருந்தது. முழுதும் பார்த்தேன். வெட்டிய இடம் தெரியவில்லை, நல்ல வேலை. தொடக்கத்தில் ஐந்து பேர் பேசுவார்கள் என்று அறிவிப்பாளர் சொல்கிறார், நாலு பேர்தான் பேசுகிறார்கள். மேடையின் ஓரத்தில் மெலிந்த ஒரு கிழவன் குடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை நண்பனின் மனைவி அழைத்தார். தோட்டத்தில் ஒரு வீட்டில் எல்லாரும் கூடிப் பார்த்தார்களாம். இருபத்தெட்டில் இருபத்திரண்டு பேர். தங்கள் பேர்களை வாசித்த இடத்தில் அழுதார்களாம், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்களாம். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை. "ஒரு வயசான ஆயா போன்ல கேட்டுச்சாம்ணே, ஓரத்துல பேசாம ஒக்காந்திருக்காரே அது யாருன்னு. இவர்தான் சொன்னாரு, அவருதான் சொல்லயெல்லாம் எண்ணினவருன்னு."

நான் நல்லது என்றேன்.

பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். வரவேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. வாசலில் நின்று எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மணியை அடிக்கிறேன். அவன் வந்து கதவைத் திறந்து, வா என்கிறான். மழையைப் பற்றிக் கதைக்கிறோம், முழங்காலைப் பற்றிக் கதைக்கிறோம். அவர் அதே மாதிரிச் சோறு போடுகிறார். ஒருவரையொருவர் பகிடி பண்ணிக்கொள்வதில்லை. அதை எடுத்துவிட்டால் எங்களுக்குக் கதைக்க எவ்வளவு குறைவு என்று எனக்கு முன்பு தெரியாது. போன ஞாயிறு நான் இருந்த இரண்டு மணித்தியாலத்தில் நாங்கள் சிரித்தது ஒரு தடவைகூட இல்லை. மருந்து நேரமாகிவிட்டது என்று சொல்லி எழும்பி வந்தேன், ஆகவில்லை.

தொலைக்காட்சி அலுவலகத்தில் மறுதொகுப்புக்குக் கட்டியது பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். கொள்ளுப்பிட்டிக்கு இரண்டு நாளும் பஸ்ஸில் போய்வர இருநூறு. மழையில் கொட்டாஞ்சேனைக்குப் போய்வந்த ஆட்டோவுக்கு ஆயிரத்து நூற்று ஐம்பது. மொத்தம் பதின்மூவாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.